பசி செத்த பாக்டீரியா

லாரிக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். குப்பைமேட்டிலிருந்து கிளம்பிய கூழ்முட்டை நாற்றம் ஜன்னல் வழியே வந்து, அழையாத விருந்தாளி போல நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது.

“மனுஷன் ஒரு வாய் சாப்பிட முடியல. உன் பாக்டீரியா எல்லாம் என்னதான் பண்ணுது?”

அவர் மனைவி அந்தக் குப்பைமேட்டில் வாயு அளப்பவள். குப்பை அழுகும்போது கிளம்பும் மீத்தேன் காற்றில் கலந்தால் பூமி சூடேறும். அதை வழியிலேயே தின்று தீர்க்கும் பாக்டீரியாவை, மேட்டின் ஒரு மூலையில் போர்த்திய மண்ணில் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். சோதனை தேறினால் மேடு முழுக்க அந்த மண் வரும். தேறாவிட்டால் அவள் வேலைக்கும் சேர்த்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அதுங்களுக்கும் பசி செத்துப்போச்சுங்க,” என்றாள், கண் கலங்க. “இந்தக் கூழ்முட்டை வாயு பட்டா மீத்தேனைச் சரியாத் தின்னமாட்டேங்குது. யாரோ ஜிப்சம் பலகையைச் சமையல் குப்பையோட கலந்து கொட்டியிருக்காங்க. ரெண்டும் காத்தில்லாம புழுங்கினா இந்த வாயுதான் வரும். எந்தப் புண்ணியவானோ.”

லாரிக்காரர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். இடித்த கடையின் ஜிப்சம் கூரைப் பலகைகளை, இடிபாடுகளுக்கென்றே இருக்கும் தனிக்குழிக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, அந்த மூலையிலேயே கவிழ்த்த புண்ணியவான் சாட்சாத் அவர்தான். மேலே குப்பையைத் தள்ளி மூடியும் விட்டார். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

“அந்தப் புண்ணியவானுக்குத்தான் நீ கழுத்தை நீட்டியிருக்கே.”

அவள் வெறித்துப் பார்த்தாள். “நாத்தம் தாங்கலைன்னு தெருவையே கூட்டி மனு கொடுத்தது நீங்கதானே?”

“முதல் கையெழுத்தே என்னுதுதான்.”

கோபமாக ஏதோ சொல்ல வந்தவள் சிரித்துத் தொலைத்தாள்.

மறுநாள் காலை அவரே மேற்பார்வையாளரிடம் போய் ஒப்புக்கொண்டார். திட்டு வாங்கிக்கொண்டு, பலகைகளைத் தோண்டி எடுத்துத் தனிக்குழிக்குக் கொண்டுபோனார். சில வாரங்களில் நாற்றம் அடங்கியது. ஒருநாள் மேட்டின் மேலிருந்து மனைவி கருவியை ஆட்டிக் காட்டினாள். “மீத்தேன் இறங்கிருச்சுங்க. சோதனை தேறிருச்சு.”

லாரிக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சக ஓட்டுநர் ஒருவர் சீண்டினார். “என்னண்ணே, இப்பல்லாம் தனிக்குழிக்கே போறீங்க. வீட்டம்மா உத்தரவா?”

“உத்தரவுன்னே வெச்சுக்கோ. நாத்தம் எங்கிருந்தோ வருதுன்னு ஊரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா. நான் பிரிக்காம கொட்டினதுதான் என் மூக்குக்கே வந்துச்சு. நாம குப்பையைப் பிரிச்சுப் போட்டாப் போதும், கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவனுங்க அதுங்க வேலையைப் பாத்துக்கும்.”