காசியம்மாளின் கட்டைவிரல்

பாலக்கோடு சந்தையில் தக்காளி தரம் பிரிப்பதில் காசியம்மாளின் கட்டைவிரலை மிஞ்ச ஆள் இல்லை. கெட்டியாக இருந்தால் கூடைக்கு, கொழகொழத்தால் மாட்டுக்கு. மார்பில் கட்டி வந்தபோதும் அதே விரலால்தான் அழுத்திப் பார்த்தாள். கல்லாட்டம் இருந்தது, வலியும் இல்லை. நல்ல கட்டிதான் என்று ஆறு மாதம் விட்டுவிட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்கிறார்கள்.

"கெட்டுப்போனது கொழகொழன்னு இருக்காதா நர்சம்மா?"

"இந்தக் கெட்டிதாங்க்கா புத்துநோயோட வேலை" என்றாள் நர்ஸ் ராஜமேரி. "சதையும் தோலும் பிரியாம புடிச்சுக்க உடம்புல நாராட்டம் ஒரு புரதம் இருக்குது. கட்டி அதைத் தன்னைச் சுத்தி அளவில்லாம சேர்த்துக்குது. அந்த நார் இறுகித்தான் கல்லாயிருக்குது. தோலையும் உள்ள இழுக்குது, பாருங்க."

காசியம்மாள் கையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். கட்டிக்கு மேலே தோல் குழிந்திருந்தது. குழி விழுந்த பழம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அவள் கூடையில் சேர்த்ததே கிடையாது.

வாசலில் நின்ற கணவன் நஞ்சப்பன் இழுத்தான். "பழ சீசன் முடியட்டுமே புள்ளே..."

"குழி விழுந்த பழத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு என்னைக்காவது கூடையில வெச்சிருக்கனா? வூட்டுக்குப் போயி ரெண்டு சேலை எடுத்துட்டு வாய்யா. நான் இங்கியே இருக்கறன்."

ராஜமேரி சம்மதத் தாளை நீட்டினாள். காசியம்மாள் அதே கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் பதித்தாள்.