குண்டானில் வெந்த கல்

ஸ்வர்ணா நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே உதறியது. நர்ஸ் இரண்டு கம்பளி போர்த்திப் பார்த்துவிட்டு மூன்றாவதையும் எடுத்துவந்தாள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மூச்சு மேலே மேலே இழுத்தது. காலையில் ஜன்னலைச் சாத்துகிற விஷயத்தில் கணவனோடு வாய்ச்சண்டை போட்ட பெண் மத்தியானத்துக்குள் இப்படிக் கிடப்பாள் என்று யார் கண்டது? பக்கத்தில் நின்ற அந்தக் கணவன், ஹரிஷ்குமார், அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தான். விழுங்கிய எச்சிலும் கசந்தது, பித்தளையைச் சப்பியது மாதிரி.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார் டாக்டர் கேத்தரின்.

"எலுமிச்சை சாதம். நானும் அதான் சாப்பிட்டேன்."

"டெங்கு டெஸ்டுக்கும் அனுப்பியிருக்கேன். ஆனா நுரையீரல்ல சத்தம் கேக்குது, ஆக்சிஜன் இறங்குது. இப்படியே போனா ஐசியூதான். பயமுறுத்தல, முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்."

ஹரிஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், இருமல்தான் வந்தது. டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குமா? வாய் கசக்குதா?"

"ஆமா. காலையிலேர்ந்து."

"அவங்களும் அதையேதான் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வந்தா அது சாப்பாடு, இல்லன்னா காத்து. வீட்டுல என்ன பண்ணீங்க? பூச்சி மருந்து, பெயின்ட், கேஸ் லீக்?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றவன் அங்கேயே நிறுத்தினான். ஒன்று இருந்தது. ஆனால் அதைத்தான் நன்றாகக் கொதிக்க வைத்தாயிற்றே, கொதித்த பிறகு அதில் என்ன மிச்சமிருக்கும் என்று அவன் மனசு அவனுக்கே வக்காலத்து வாங்கியது.

ஹரிஷுக்குச் சொந்த ஊர் ராணிப்பேட்டை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே ஒரு அடுக்ககத்தில் வீடு. கடலுக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. அப்படிப்பட்டவன் ஹாலில் கண்ணாடித் தொட்டி கட்டி, உப்புக் கலந்து, விளக்குப் போட்டு, கடலையே குடிவைத்திருந்தான். அதில் இரண்டு கோமாளி மீன், நாலைந்து சங்கு நண்டு, ஓர் இறால். அவற்றுக்கு வீடாகச் சில பவளப் பாறைத் துண்டுகள். அந்தத் துண்டு ஒன்றில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் வினை. மீன் வளர்ப்பவர்கள் அதைப் பட்டன் பாலிப் என்பார்கள். சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு வட்டம், சுற்றிலும் கண்ணிமை போலச் சின்ன இழைகள். கடல் சாமந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. தொட்டால் சுருங்கும், விட்டால் விரியும். பார்க்கச் சாதுதான். ஆனால் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பாறை முழுக்கப் பட்டா போட்டுக்கொண்டது. பக்கத்தில் இருந்த நல்ல பவளமெல்லாம் வெளுத்துச் செத்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஜாதி.

சுரண்டிப் பார்த்தான், போகவில்லை. வாட்ஸப் குழுவில் எவனோ ஒரு புண்ணியவான், 'கல்லோடு எடுத்துக் கொதிக்க வை, வேரோடு போய்விடும்' என்று எழுதினான். ஹரிஷுக்கு அது நியாயமாகப் பட்டது. தண்ணீரானாலும் பாலானாலும் கொதிக்கவைத்தால் கெட்டது போகும் என்றுதானே நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம்! அந்தக் கல் நுழைகிற பாத்திரம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழைக்கு ஜன்னல்களை அடைத்துவிட்டு, கல்லை அதில் போட்டு அடுப்பை ஏற்றினான். ஆபீஸ் கால் வந்ததும் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சமையலறையை ஒட்டிய ஹாலில் உட்கார்ந்து ஸ்வர்ணா லேப்டாப்பில் வேலை பார்த்தாள். அவள் இருமத் தொடங்கியதும் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது வராந்தாவுக்கு வந்து தேஜஸுக்குப் போன் போட்டான். தேஜஸ் அவனோடு வேலை பார்ப்பவன், அவனுக்கும் இதே தொட்டிப் பைத்தியம்.

"கொதிக்க வெச்சியா?" தேஜஸ் கத்தினான். "லூசாடா மச்சா நீ? பட்டன் பாலிப்பையா? அதுக்குள்ள இருக்கிறது பாலிடாக்ஸின்டா! கொதிச்சா அது சாகாது, ஆவியோட ஏறி வரும். மூக்கு வழியா உள்ள போனா நுரையீரல், தசை, இதயம் எல்லாத்தையும் புடிச்சு ஆட்டும். பல்லு கிடையாது, ஓடவும் முடியாது. இருக்கிற இடத்தைக் காப்பாத்த அந்த ஜந்துவுக்கு வேற என்ன இருக்கு? டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு, முதல்ல!"

ஹரிஷ் ஓடிப்போய்ச் சொன்னான். டாக்டர் கேத்தரினுக்கு இது புதுசு. ஆனாலும் சிரிக்கவில்லை, அவனைத் திட்டவுமில்லை. பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லிப் போனில் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது.

"இதுக்குன்னு தனி மாத்து மருந்து கிடையாது. ஆக்சிஜன், மூச்சுக்குழல் விரியறதுக்கு மருந்து, ஸ்டீராய்டு, இதயத்து மேல ஒரு கண்ணு. அவங்க வயசுக்குத் தாங்குவாங்கன்னு நம்பறேன். கொதிச்ச தண்ணி இன்னும் அங்கேயா இருக்கு?"

"அடுப்பு மேலயே இருக்கு."

"யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. மறுபடி சூடுபண்ணவே கூடாது. வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல டாக்டர்" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, கையிலிருந்த போன் அடித்தது. மாமியார் ஜெயலக்ஷ்மி.

"மாப்பிள்ளை, ஆட்டோல உங்க வீட்டுக்கே வந்துட்டேன். எங்கிட்ட இருக்கிற சாவியில கதவு திறந்துட்டேன். அவளுக்கு ரெண்டு நைட்டி, அந்த இன்சூரன்ஸ் கார்டு, எடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பறேன். கார்டு எங்க இருக்கு?"

ஜெயலக்ஷ்மியின் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூர் அடுகோடியில் இருக்கிறது. சுத்த சைவம். அவர் கணவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து காலமானவர். மகள் கறியும் மீனும் தின்கிறவனைக் காதலித்து வந்து நின்றபோது அந்த அம்மாள் அழவில்லை, அடிக்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "வெளியில எதை வேணா சாப்பிடுங்க. என் பொண்ணு சமைக்கிற அடுப்புல அது ஏறக்கூடாது." தொட்டியைப் பார்த்துவிட்டுக்கூட, "உயிரோட நீந்தற மீனோட எனக்குச் சண்டை இல்ல" என்று சிரித்தவர்தான். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று அவர் கையாலேயே பால் காய்ச்சிப் பொங்கவிட்ட எவர்சில்வர் குண்டான் ஒன்று உண்டு. அவர் மாமியார் அவருக்குக் கொடுத்ததை அவர் தன் மகளுக்குக் கொடுத்தார். கல் நுழைகிற அந்த ஒரே பாத்திரம் அதுதான்.

அதை எப்படிச் சொல்வான்? மகளை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, 'உங்கள் பால் குண்டானில் கடல் ஜந்துவை வேகவைத்தேன் அத்தை' என்று எந்த வாயால் சொல்வான்?

"கார்டு பீரோவுல மேல் தட்டுல இருக்கு அத்தை. அப்புறம்... கிச்சன் பக்கம் போகாதீங்க."

"ஏன்?"

"கேஸ் லீக் ஆகுற மாதிரி இருக்கு."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இவன் சொன்ன பொய் பொருந்தித்தான் தொலைத்தது. "சரி, நான் பாத்துக்கறேன்" என்று ஜெயலக்ஷ்மி போனை வைத்தார். ஹரிஷ் கொஞ்சம் மூச்சு விட்டான்.

சற்று நேரத்தில் மறுபடி அழைத்தார். குரல் மாறியிருந்தது.

"சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டேன். எங்கேயும் லீக் இல்ல. ஆனா கிச்சன் முழுக்க மீன் நாத்தம். என் குண்டான்ல என்ன அது கல்லு?"

"அத்தை, அது மீன் இல்ல..."

உலகத்தில் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அந்த நேரத்துக்கு அதுதான். மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது.

ஹரிஷ் திருப்பி அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். அப்போதுதான் அவனுக்குப் புத்தியில் உறைத்தது. கல்யாணமான புதிதில் தெரியாத்தனமாக அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் அவன் முட்டை வேகவைத்துவிட்டான். அன்றைக்கும் ஜெயலக்ஷ்மி ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரத்தைத் தூக்கி எறியவுமில்லை. கைநிறையப் புளியைக் கரைத்து ஊற்றி, அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதிக்கவிட்டார். தீட்டு போகிற வரை பக்கத்திலேயே நின்றார். அவர்கள் வீட்டில் பாத்திரம் சுத்தமாவது அப்படித்தான்.

கல்லை எடுத்து எறிந்தாலும் குண்டானின் உட்புறமெல்லாம் அது கொதித்த நுரை அப்பிக்கொண்டிருக்கும். அதன்மேல் புளித்தண்ணீர். அடியில் நெருப்பு. அறுபது தாண்டிய, ஏற்கெனவே வீசிங் உள்ள ஒரு பெண் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஹரிஷ்!" நர்ஸ் கூப்பிட்டாள். "இவங்களுக்கு மாஸ்க்கை மாத்தறோம், பக்கத்துல இருங்க, ரொம்பப் பயப்படறாங்க." போனால் இவள், இருந்தால் அவர். ஓடினாலும் இந்த மழையில் வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுக்ககத்துக் காவல்காரருக்குப் போன் போட்டான். அவருக்குத் தமிழ் அரைகுறை, இவனுக்குக் கன்னடம் அரைகுறை.

"அண்ணா, நம்ம மனேகே பேக ஹோகி. கதவைத் தட்டுங்க. ஒளகே அத்தே இதாரே. கேஸ் பந்த் மாடி!" வீட்டுக்குச் சீக்கிரம் போங்கள், உள்ளே அத்தை இருக்கிறார், கேஸை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பாடு.

காவல்காரர் லிஃப்டில் ஏறுகிற சத்தம், மணியடிக்கிற சத்தம், கதவை அடிக்கிற சத்தம், எல்லாம் போனில் கேட்டது. "பாகிலு தெகியல்லா சார். ஒளகே கெம்மு கேளுத்தே." கதவு திறக்கவில்லை, உள்ளே இருமல் கேட்கிறதாம்.

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணா! கதவுகிட்ட வைங்க!"

அதன்பிறகு அவன் பேசியது பேச்சில்லை, ஓலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அடுக்ககத்திலும் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்திருக்கும்.

"அத்தை! அது விஷம்! கடல்லேர்ந்து வந்த விஷக் கல்லை உங்க பால் குண்டான்ல நான்தான் கொதிக்க வெச்சேன்! ஸ்வர்ணா இப்படிக் கிடக்கறது அதாலதான்! கேஸ்னு பொய் சொன்னேன்! அடுப்பை அணைக்கக்கூட நிக்காதீங்க, ஒண்ணும் பண்ணாதீங்க, வெளியில வாங்க அத்தை!"

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஓர் இருமல் வந்தது, அடிவயிற்றிலிருந்து, நிற்காமல்.

காவல்காரர் நல்ல மனுஷர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளிப்பக்கத்து வால்வைத் திருகி மூடிவிட்டு, அந்த அம்மாளை ஆட்டோவில் உட்காரவைத்துத் தானே கூட்டிவந்தார். ஜெயலக்ஷ்மி நடந்துதான் உள்ளே வந்தார். ஸ்வர்ணாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்கும்போது அவர் உதடு நீலம் பூத்திருந்தது, கால் இரண்டும் வெட்டிவெட்டி இழுத்தன. ஸ்வர்ணாவின் காய்ச்சல் அதற்குள் சற்றே இறங்கியிருந்தது. மாஸ்க்குக்கு மேலே விரிந்த கண்களால் அவள் அம்மாவையே பார்த்தாள். அவள் விரல்கள் ஹரிஷின் கையைப் பற்றியிருந்தன.

"எவ்வளவு நேரம்மா அங்க நின்னீங்க?" டாக்டர் கேத்தரின் குனிந்து கேட்டார். "பக்கத்துலயே நின்னீங்களா?"

"பக்கத்துலதான். கொதிக்கிற வரைக்கும்." ஜெயலக்ஷ்மிக்கு வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"எதுக்கும்மா கிச்சனுக்குப் போனீங்க? போகக்கூடாதுன்னு இவர் சொல்லலையா?"

ஜெயலக்ஷ்மி மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் துணி எடுக்கத்தான் போனேன் டாக்டர். பீரோ இருக்கிறது வேற ரூம்ல. கிச்சன்ல எனக்கு என்ன வேலை? கேஸ் லீக்னு சொன்னார். பூட்டிட்டு வந்துட்டா, அக்கம்பக்கத்துல குழந்தைங்கல்லாம் இருக்கே... அதை மூடத்தான் உள்ள போனேன்."

நர்ஸ் மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் பொருத்தினாள். ஸ்வர்ணா ஹரிஷின் கையை விட்டுவிட்டு, ஊசி குத்தியிருந்த அந்தக் கையைச் சிரமப்பட்டு நீட்டி அம்மாவின் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.