எலுமிச்சை உப்பு

குத்துவிளக்கு அப்படிப் பளபளத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த வனஸ்பதி ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக லேப் பார்க்கிறேன். ஆயுத பூஜைக்குக்கூட அந்த விளக்கு களிம்பு பிடித்த முகத்தோடுதான் எரியும். அன்று காலை கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே வந்தால் விளக்கு தங்கமாக நிற்கிறது. எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளி. விழா மேடைக்குப் பின்னால் பேனர்: ‘நிக்கலை வெல்வோம், நலத்தை நல்குவோம்.’ அதில் எங்கள் ஜெனரல் மேனேஜர் கலைவேந்தன் கையைக் கட்டிக்கொண்டு, நிக்கலைத் தனி ஆளாக அடித்துச் சாய்த்தவர் மாதிரி நின்றார்.

நிக்கலை வெல்வதற்கு வீரம் வேண்டாம். எண்ணெயைக் கெட்டியாக்க நிக்கல் பொடி போடுகிறோம். வேலை முடிந்ததும் பொடியை வடிதுணி பிடித்துக்கொள்ளும். ஆனால் கொஞ்சம் நிக்கல் எண்ணெயிலேயே கரைந்துவிடும். அதை எந்தத் துணியும் பிடிக்காது, எந்தக் கண்ணும் பார்க்காது. எண்ணெய் பளிங்கு மாதிரித்தான் இருக்கும். எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிடை, கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் கலக்கினால் அது நிக்கலைக் கட்டி இழுத்துக்கொள்ளும். பிறகு ப்ளீச்சிங் மண் போட்டு இன்னொரு தடவை வடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மூட்டை உப்பும் ஒரு மணி நேரப் பொறுமையும்.

முந்தின நாள் எடுத்த சாம்பிளைச் சாம்பலாக்கி, ஆசிடில் கரைத்து வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் எடுத்து அம்மோனியா சேர்த்து, சோதனைத் திரவத்தை நாலு சொட்டு விட்டேன். நிக்கல் இல்லையென்றால் நிறம் வராது. எனக்கு ரோஸ் வந்தது. கல்யாண வீட்டுப் பத்திரிகை ரோஸ். ஒப்பிட்டுப் பார்க்கும் குழாய்களில் நாலாம் நம்பரோடு, அதாவது பத்து லட்சம் பங்கில் நாலு, அச்சாகப் பொருந்தியது. ஒன்றரைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

வடிகட்டும் இடத்துக்கு ஓடினேன். அங்கே குழந்தைவேல் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு நின்றான். பதினோரு வருஷமாக நிக்கல் துணியை உதறி உதறி அவன் கைத்தோல் செதில் செதிலாக உரிகிறது.

“நேத்து பேட்ச்சுல எலுமிச்ச உப்பு போட்டியா இல்லியா?”

“எங்கக்கா போடறது? மூட்டையே காலி.”

“முழு மூட்ட இருந்துச்சேடா!”

“சாருதான் வெளக்கு, படிக்கட்டு, டேங்க்கு எல்லாம் மின்னணும்னாரு. கரைச்சி வுட்டுத் தேய்ச்சோம். இன்னா பளபளப்புக்கா, நீ பாக்கல?”

“மிச்சம்?”

அவன் பந்தல் பக்கம் கையைக் காட்டினான். அங்கே பெரிய டிரம்மில் மஞ்சள் நிறமாக ஏதோ கலக்கிக்கொண்டிருந்தார்கள். “விஐபிங்களுக்கு ஜூஸு.”

எண்ணெயிலிருந்து நிக்கலை எடுக்க வேண்டிய உப்பு, நிக்கலை எடுத்துவிட்டதாகக் கொண்டாடும் விழாவுக்குப் பாத்திரம் விளக்கியிருக்கிறது. மிச்சம் விருந்தினர் வயிற்றுக்கு. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நேராக ஆபீசுக்கு நடந்தேன்.

கலைவேந்தன் அறையில் ஜரிகை வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை புது மூட்டை வருகிறது, டின்களில் இருப்பதை உருக்கித் தொட்டியில் ஏற்றினால் ஒரு மணி நேர வேலை என்றேன்.

“ஆனி மேரி, டின்னெல்லாம் லாரில ஏத்தியாச்சு. எங்க போவுது தெரியுமில்ல? உங்க ஊரு மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு. நம்ம அன்பளிப்பு. ஃபாதர் பூசைலயே அறிவிச்சிட்டாரு.”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

“ஒரு வேளை சாப்பாட்டுல யாராவது சாவப்போறாங்களா?”

மாட்டார்கள். அதுதான் இந்த நிக்கலில் உள்ள வசதி. பந்தியில் யாரும் மயங்கி விழமாட்டார்கள். மாதா கோயிலை ஒட்டிய எங்கள் கெபித் தெருப் பிள்ளைகள் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்கள். என்றைக்கோ யாருக்கோ குழந்தைவேல் மாதிரி தோல் உரிந்தால், கேசரியை யார் நினைப்பார்கள்?

“மேடைல டெமோ இருக்குல்ல,” என்றார். “குழாய்ல வெறும் தண்ணி வெச்சிக்குங்க. நிறம் வராது. ஜனங்களுக்குக் கெமிஸ்ட்ரி வேணாம் மேடம், நம்பிக்கை வேணும்.”

பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். ஏதோ வணிகர் பேரவையின் மாநிலத் தலைவராம். விளக்கேற்றினார், ஜூஸ் குடித்தார், முகத்தைச் சுளித்தார். குழந்தைவேல் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ரப்பர் கையுறை அன்றைக்குத்தான் வந்திருந்தது. அது போட்டோவுக்காகத் தலைவர் கைக்குப் போனது. நிக்கலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நிக்கல் சந்தையில் உயர வேண்டும் என்று வாழ்த்தி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

என்னை அழைத்தார்கள். தட்டில் இரண்டு குழாய்கள் வைத்திருந்தேன். ஒன்றில் தண்ணீர், மற்றதில் நேற்றைய எண்ணெயின் கரைசல். இரண்டும் பார்க்க ஒன்றுதான். கலைவேந்தன் தண்ணீர்க் குழாயைக் கண்ணால் காட்டினார். நான் மற்றதை எடுத்தேன். நாலு சொட்டு விட்டேன்.

ரோஸ் பூத்தது.

“அடடா! இன்னா அழகான கலரு!” என்று தலைவர் கைதட்டினார். பந்தலே தட்டியது.

“இதுதான் நிக்கல். இந்த எண்ணெய்ல...” என்று ஆரம்பித்தேன். மைக் அதற்குள் கலைவேந்தன் கைக்குப் போயிருந்தது.

“தூய்மையின் நிறம்!” என்று அவர் முழங்கினார். “நமது எண்ணெயின் நிறம்!” மறுபடியும் கைதட்டல். உண்மையைக் காட்டித் தொலைத்தேன். அதற்கும் எனக்கொரு சால்வை போட்டார்கள்.

குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். டின் லாரி உறுமிக்கொண்டு நின்றது. செக்யூரிட்டி தனக்கொடி லேப் சீட்டுக்காகக் கையை நீட்டினாள். சீட்டில்லாமல் சரக்கு வெளியே போகக் கூடாது, அளவு மீறினால் கேட்டின் தடுப்புத் தடியைத் தூக்கக் கூடாது என்பது கலைவேந்தன் கையெழுத்துப் போட்டு, லேமினேட் செய்து, காவல் கூண்டில் ஒட்டிய விதி. போன மாதம் ஆடிட்காரர்களுக்குக் காட்ட ஒட்டியது. தனக்கொடி மட்டும்தான் அதை நிஜமென்று நம்பியவள்.

என் போன் அடித்தது. கலைவேந்தன். “கையெழுத்து போட்டு அனுப்புங்க. மத்தத உக்காந்து பேசிக்கலாம்.”

சீட்டை எடுத்தேன். நிக்கல் என்ற இடத்தில் நாலு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

தனக்கொடி சீட்டைப் பார்த்தாள், ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். “இன்னா மேடம், இங்க ஒன்ரைன்னு போட்டுக்கீது. நீங்க நாலுன்னு எழுதிக்கீறீங்க?”

“ஆமா.”

“நல்லாப் பாத்துதான் எழுதினீங்களா?”

“எல்லாருந்தான் பாத்தாங்க. கைகூட தட்டுனாங்க.”

அவள் தடியின் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால், போக வழியில்லாமல், தலைவரின் கார் வந்து நின்று அதுவும் அடித்தது. கண்ணாடி வழியே அவர் கழுத்துச் சால்வை தெரிந்தது. மின்னுகிற படிக்கட்டில் கலைவேந்தன் வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார். மறுபடியும் என் போன் அடித்தது.

குழாயைக் கூண்டின் ஜன்னல் விளிம்பில் நிறுத்தினேன். ஹாரன் சத்தத்தில் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. உள்ளே ரோஸ் துகள் துகளாகப் பிரிந்து, அவசரமே இல்லாமல், அடியில் படிந்துகொண்டிருந்தது.