தொள்ளாயிரத்து முப்பத்தொன்று

...பெரியப்பாவை முதலில் முடித்துவிடலாம், மூத்தவர், நாலு டெராபைட், அவரை மாற்றிவிட்டால் மற்றவர்களை மாற்றக் கை கூசாது என்று நினைத்துக்கொண்டே அவள் அந்தக் கறுப்பு டிஸ்க் பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் நெம்பினாள், லேசில் வருமா, வருடக்கணக்கான பசை, ‘பெரி’ மட்டும் கையோடு வந்தது, ‘யப்பா’ பெட்டியிலேயே நின்றுவிட்டது, மனுஷன் அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பதுபோல. ஸ்கேன் சென்டரின் மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர். புது மேனேஜர் காலையில் வந்து, “இது ஆஸ்பத்திரி மேடம், கல்யாண வீடு இல்ல, இன்னைக்கே எல்லாப் பேரையும் மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் கட்டிடம், மாடி, வரிசை, அளவு. பெரியப்பா இனி பி-3-01-4டி. போகிற போக்கில் ஊழியர் விவரம் கேட்டு ஒரு ஃபார்மையும் வைத்துவிட்டுப் போனார், ஐந்து மணிக்குள் வேண்டுமாம். பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் எழுதியாகிவிட்டது, ஒரே ஒரு வரிதான் பாக்கி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், பெயர், உறவு, எண். மணி நாலேகால்.

பெயர் வைத்ததென்னவோ இரண்டு பேரும் சேர்ந்துதான், அவளும் அக்காவும், கூடப் பிறந்த அக்கா இல்லை, கூட வேலை பார்த்த அக்கா, பதினொரு வருடம் பக்கத்து நாற்காலி. அளவில் பெரியது பெரியப்பா, ரெண்டு டெராபைட் சித்தி, ஒன்று மாமா. எப்போது பார்த்தாலும் மக்கர் பண்ணுவது நாத்தனார். விலை ஜாஸ்தி, தொட்டால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும், அது மாப்பிள்ளை. வேறு கட்டிடத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு போவது சம்பந்தி, அவர் வரும் நாளில் ஒரு குறை இருக்கக் கூடாது. டாக்டர்களே கேட்பார்கள், அந்த முதுகெலும்புப் படம் சித்திகிட்ட இருக்கா என்று. மாமா வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அட்டையில் ஒரு டெராபைட் என்று போட்டிருக்கிறது, மாட்டித் திறந்தால் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று ஜிபிதான் காட்டுகிறது, அறுபத்தொன்பதைக் கடைக்காரன் முழுங்கிவிட்டான் என்று அக்கா போனில் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். அவள்தான் சமாதானப்படுத்தினாள், யாரும் முழுங்கலக்கா, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணி அட்டைமேல எழுதுறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலு, ஆயிரத்து இருபத்துநாலா எண்ணுது, உள்ள இருக்கிறது ஒண்ணுதான், திறந்து பார்க்கும்போது குறைவாத் தெரியும். அக்கா நம்பவே இல்லை, குறைஞ்சது குறைஞ்சதுதாண்டி என்றாள்.

யார் பெயரை எழுதுவது... அண்ணன் இருக்கிறான், பேச்சு நின்று ஒன்பது வருடம், இருக்கிற எண் அவனுடையதுதானா என்றுகூடத் தெரியாது. எதிர் வீட்டில் ஒரு தம்பதி, அவர்கள் செருப்பைத் தெரியும், பெயர் தெரியாது. காலையில் எழுந்து, குளித்து, பஸ் ஏறி, ஒன்பது மணிக்கு இந்த அறைக்கு வந்து, என்ன பெரியப்பா, ராத்திரி ஒழுங்கா ஓடினீங்களா என்று கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாகத் தன் குரலே அவள் காதில் விழும். அதுவும் நாளையிலிருந்து இல்லை. பி-3-01-ஐ யார் நலம் விசாரிப்பார்கள்? அக்காவைக் கேட்டால் என்ன, மகள் வீட்டோடு போய் இரண்டு வருடமாகிறது, போனாலென்ன, அக்காதானே.

“என்னடி அதிசயமா, வேலை நேரத்துல?”

“சும்மாதான்க்கா.”

“பெரியப்பா எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்கார்க்கா,” என்று ‘யப்பா’வைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சித்தியை விசாரித்தாள் அக்கா, நாத்தனாரைத் திட்டினாள், மாப்பிள்ளைக்கு முறுக்குக் குறைஞ்சுதா என்றாள், ஒருவரையும் விடவில்லை. அந்தச் சிரிப்பிலேயே கேட்டுவிட வேண்டியதுதான் என்று மூச்சுவிடாமல், “ஒரு ஃபார்ம்க்கா, அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு கேக்கிறாங்க, உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?” என்றாள். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு அது நின்றது.

“அடிப் பைத்தியம், ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல வரணும் நான். நீ விழுந்து கிடந்தா எப்ப வந்து தூக்குறது? பக்கத்துல உன் ஆளுங்க யாராவது பேரைப் போடு. யாரும் இல்லாமலா இருப்பாங்க?” பிறகு குரலைத் தாழ்த்தி, “பேத்தி முழிச்சிட்டா, வைக்கட்டுமா. சம்பந்தி வந்தா நான் கேட்டேன்னு சொல்லு.”

சொன்னதில் என்ன தப்பு, நியாயம்தானே, அவசரத்துக்கு ரயிலேறி வருகிறவர்களை யார் எழுதுவார்கள், வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் நியாயம்தான்... சித்தியை மாற்றினாள், மாமாவையும் மாற்றினாள், மாமாவின் சீட்டு சொன்னபடி கேட்டு முழுதாக வந்தது, அதைக் கசக்க மனம் வராமல் ஃபார்மின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள். யாரும் இல்லாமலா இருப்பாங்க. பக்கத்து நாற்காலியில் பதினொரு வருடம் இருந்தவள் கேட்கிற கேள்வியா இது, அவளுக்குத் தெரியாதா... எப்படித் தெரியும்? எந்தத் திங்கட்கிழமை, லீவுல என்ன பண்ணே என்று அக்கா கேட்டாலும், வீட்டுல ஒரே கூட்டம்க்கா என்று சொல்லிச் சிரித்தது யார்? அட்டைமேல் எழுதியிருந்ததைத்தானே அவள் படித்தாள், பாவம்.

கதவருகே மேனேஜர் நின்றார். “மேடம், ஃபார்ம்?”

“அஞ்சு நிமிஷம் சார்,” என்றாள். போன் இன்னும் கையில்தான் இருந்தது. திரும்பக் கூப்பிட்டு, அக்கா, நிஜமாவே யாரும் இல்லக்கா என்று சொன்னால், அதுவும் விளையாட்டு என்று சிரித்துவிடுவாளோ...