சூளை ஏறாத வெள்ளை

விருத்தாசலம் போகிற பஸ்ஸு முக்கில் திரும்பும்போதே அன்புச்செல்வனுக்குக் கால் எழுந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் பாதி டீயோடு உட்கார்ந்திருந்தவன், கிளாஸைப் பிடித்தபடியே ரோட்டோரம் வரைக்கும் போய் நின்றான். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏறுறியாப்பா, இல்ல டாட்டா காட்ட வந்தியா?” என்றான். உள்ளே இரண்டு பெண்கள் சிரித்தார்கள். பஸ்ஸு கிளப்பிவிட்ட புழுதி அடங்குகிறவரை நின்றுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டான். டவுனில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. இல்லாமல் போனதுதான் அவனை இப்படி ஒரு இடத்தில் உட்காரவிடாமல் அடித்தது.

போன் அடித்தது. பிரபாகரன். பொம்மைக் கம்பெனிக்காரர்; பதினாறு வயதிலிருந்து அவரிடம்தான் அச்சில் களி, அதாவது கரைத்த பீங்கான் மண், ஊற்றிக்கொண்டிருந்தான்.

“என்னாடா, தென்ன மரத்துக்குத் தாலாட்டு பாடி முடிச்சிட்டியா? கார்த்திக வெளக்கு ஆர்டர் வந்து குமிஞ்சி கெடக்குது. ஒன் எடத்துல இன்னொருத்தன நிக்க வைக்க மனசு வரல. வரியா, வரலியா, இன்னிக்கே சொல்லிடு.”

“வூட்டுல கேட்டுட்டு சொல்றேண்ணே.”

“ஒனக்குன்னு ஒரு வாய் இல்லியாடா?” என்று வைத்துவிட்டார்.

ஆவணி பிறந்ததும் இங்கே குடிவந்தார்கள். ஆடியிலேயே வந்துவிடலாம் என்று துடித்தவள் அவன் பெண்டாட்டி பூங்கோதை. ஆடியில் வீடு மாறக்கூடாது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டவுனில் அவர்கள் இருந்த தெருவில் பாதிக்கு மேல் பொம்மை வேலை செய்கிற வீடுகள். அவன் கம்பெனியில் ஊற்றுவான். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் ஓடுகிற கோட்டைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுப்பாள். சுரண்டச் சுரண்ட மாவாக உதிரும். அந்த மாவில்தான் மகள் பாலாம்பிகை தவழ்ந்தாள், நடந்தாள், மூச்சு இழுக்கவும் ஆரம்பித்தாள். ராத்திரியெல்லாம் பிள்ளையின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். “தூசி இல்லாத எடமா பாத்துப் போங்க” என்று டாக்டர் சொன்னதை அன்புச்செல்வன் ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டான். பூங்கோதை முடிவாக எடுத்துக்கொண்டாள்.

“நீ வேணா சொரண்டுறத நிறுத்திக்க, போதாதா?” என்று கேட்டுப் பார்த்தான்.

“நீங்க சட்டயில கொண்டாரதே அவளுக்குப் போதும்ங்க.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கத்தில் ஜைத்தூன் பீவியைப் பிடித்தவளும் அவள்தான். அந்த அம்மாவின் மகன் ஃபஹத் குவைத்தில் இருக்கிறான். கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி, வெள்ளாற்றை ஒட்டி அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. தண்ணீர் பாய்ச்சவும் காவலுக்கும் ஒரு குடும்பம் இருந்தால் தோப்போரத்து ஓட்டு வீட்டைச் சும்மாவே தருகிறேன், சம்பளமும் தருகிறேன் என்றார்.

வந்து பார்த்தால் சுவரெல்லாம் அடுப்புக் கரி. சுண்ணாம்பு வாங்கித் தருகிறேன் என்றார் ஜைத்தூன் பீவி. “சுண்ணாம்பு எதுக்கு பாயம்மா? எங்கிட்ட பால் மாதிரி வெள்ள இருக்குது” என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட காய்ந்த களியை மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து ஊறவைத்து, கஞ்சித் தண்ணி கலந்து, சுவரில் இரண்டு பூச்சு இழுத்தான். அடுத்த நாள் பால் காய்ச்சினபோது வீடே வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இந்த ஊரில் அவனுக்கு வந்த ஒரே பெயர் அதுதான். மற்றபடி மண்வெட்டி பிடித்தால் பாத்தி கோணும், தண்ணீர் மடை மாறி ஓடும். “பொம்மக்கி மூக்கு வைக்கிற கை தம்பி, மம்பட்டி சொன்னா கேக்குமா?” என்று ஜைத்தூன் பீவி சிரிப்பார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான்.

முதல் மாதம் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். தோப்புக்குள் ஓடினாள், தேங்காய்த் தண்ணீர் குடித்தாள், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அப்புறம் திரும்பவும் அந்தப் பூனைக்குட்டி சத்தம். அதைக் கேட்டபோது அவனுக்குள் முதலில் எழுந்தது பயம் இல்லை. ஆட்டத்தில் எதிராளி தப்பாகக் காய் வைத்துவிட்டதைப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன துள்ளல். உடனே கூசிப்போனான். கூச்சத்தோடேயே வாய் சொல்லிவிட்டது: “இதான் ஒன் கிராமத்துக் காத்தா?”

பூங்கோதை காரணம் தேட ஆரம்பித்தாள். ஜைத்தூன் பீவி ஆசையாகக் கொடுத்த கோழிகளைத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்பை வெளியே மாற்றினாள். தேங்காய் நார் காயப்போடுகிற களத்துப் பக்கம் பிள்ளையை விடவில்லை. எதிர் வயலில் மருந்தடித்தவனிடம் போய், “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து அடிக்க மாட்டியா?” என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். குளிர்காற்று படக்கூடாதென்று பிள்ளையின் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்சுவரை ஒட்டிப் போட்டாள். இழுப்பு கூடித்தான் போனது. அவன் எதையும் தடுக்கவில்லை, எதற்கும் உதவவும் இல்லை. தோப்புக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்துகொண்டிருந்தான்.

இன்றைக்கு டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால், பாத்திரங்களெல்லாம் ஒரு சாக்கில் ஏறியிருந்தன. இன்னொரு சாக்கில் துணி. பூங்கோதை தரையில் உட்கார்ந்து பிள்ளைக்கு நெஞ்சு தடவிக்கொண்டிருந்தாள்.

“பிரபாகரண்ணன் எனக்கும் போன் பண்ணாரு” என்றாள், தலை நிமிராமல். “போயிடலாம். அங்க இழுத்தாலும் ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குது. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.”

இவ்வளவு நாளும் எந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தானோ, அது கையில் வந்து விழுந்தது. விழுந்ததை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. “கட்டில கழட்டுறேன்” என்றான்.

கட்டிலை இழுத்தான். சுவரில், பிள்ளை படுத்தால் கை எட்டுகிற உயரத்தில், விரலால் இழுத்த கோடுகள். யானை, சூரியன், ஒரு பஸ்ஸு. கோடு போன இடமெல்லாம் வெள்ளை போய்ப் பழைய கரி தெரிந்தது. கீழே, சுவரும் தரையும் சேருகிற இடத்தில், மாவு சலித்துக் கொட்டின மாதிரி ஒரு வரி. தலையணையின் ஒரு பக்கம் வெளுத்திருந்தது.

“பவுடர் டப்பாவ மறுபடியும் கவுத்தியாடி?” என்றாள் பூங்கோதை. பாலாம்பிகை இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டின முடியிலிருந்து லேசாக உதிர்ந்தது.

அன்புச்செல்வன் ஒரு விரலால் அந்த வரியைத் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்து உருட்டினான். விரலில் வெள்ளை இருந்தால் இருக்கிறதென்றே தெரியாமல் பழகிய தோல் அது. நுனிநாக்கில் வைத்தான். சுண்ணாம்பாக இருந்தால் நாக்கைச் சுட்டிருக்கும். இது சுடவில்லை; நாக்கைக் கவ்விப் பிடித்தது. கம்பெனியில் புது ஆளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறதே இதுதான்: களி நாக்கைப் பிடிக்கும். சூளை ஏறுகிறவரைக்கும் அது பொம்மையாக நின்றாலும் தூள்தான், சுவரில் நின்றாலும் தூள்தான். கஞ்சிப் பிடிப்பு ஒரு மாதம் தாங்கியிருக்கிறது.

எழுந்து நான்கு சுவரையும் பார்த்தான். பால் மாதிரி இருந்தது.

பூங்கோதை சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் தெரியவும் போகாது. சாயங்கால பஸ்ஸில் ஏறினால் நாளைக் காலையில் அச்சு முன்னால் நிற்கலாம். கை சொன்னதைக் களி கேட்கும். ‘தப்பா நெனச்சிட்டேன்’ என்ற சொல்லை அவள் ஆயுசுக்கும் சுமந்துகொண்டு வருவாள், அவனோடு, அந்தத் தெருவுக்கே.

போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அடிக்கட்டும் என்று ஜன்னலில் வைத்தான்.

“புள்ளய பாயம்மா வூட்டுக்குக் கூட்டிக்கினு போ.”

“ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாவுதுங்க.”

“போ பூங்கோத. வாயில துணி கட்டி தூக்கிக்கினு போ.”

தோப்புக்குப் போய் மோட்டாரைப் போட்டான். தென்னைக்குப் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை இழுத்துவந்து, வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோனான். துடைப்பத்தைத் தொடவில்லை, களித் தூளை உலர்ந்தபடி கூட்டினால் வீடு முழுக்கப் பறக்கும். முதலில் நனைக்க வேண்டும். குழாயின் வாயைக் கட்டை விரலால் அழுத்தி, கூரைக்குக் கீழேயிருந்து பிடித்தான். சுவர் முதலில் குடித்தது. பிறகு வழுக்கியது. யானை போனது, பஸ்ஸு போனது. ஊர்ப் பெண்கள் தொட்டுப் பார்த்த இடங்கள் போயின. கரியும் செங்கலும் அம்மைத் தழும்பு மாதிரி வெளியே வந்தன.

பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்த பூங்கோதை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னாங்க இது, பைத்தியம் புடிச்சிடுச்சா?”

அவன் திரும்பவில்லை. “கம்பெனி களி” என்றான். “நான்தான் கொண்டாந்தேன்.”

அவள் சுவரைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். ஜன்னலில் போன் மறுபடியும் அடித்து ஓய்ந்தது.

வெள்ளைத் தண்ணீர் தரையை நிரப்பி, வாசல்படியில் ஏறி வழிந்து, முற்றத்தைக் கடந்து முதல் தென்னையின் பாத்திக்குள் இறங்கியது. அந்தப் பக்கம், பின்னாலேயே வந்துவிட்ட ஜைத்தூன் பீவியின் இடுப்பிலிருந்து பாலாம்பிகை கைதட்டினாள். “பாலு பொங்கிடுச்சு, பாலு பொங்கிடுச்சு!” கத்தினதில் மூச்சு வாங்கி, இருமி, மறுபடியும் தட்டினாள்.

தண்ணீர் பாத்திரச் சாக்கின் அடியைத் தொட்டது. பூங்கோதை புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, நனைவதற்குள் சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பாத்திரங்கள் கலகலத்தன. ஒரு கால் வாசல்படியிலும் ஒரு கால் வெள்ளையிலுமாக, பாத்திரங்கள் இருந்த காலி அலமாரியை ஒரு தரம், ரோட்டை ஒரு தரம் பார்த்தபடி, அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள்.