பின்னால் காட்டும் அம்பு

காரின் முன்பலகையில் இருக்கும் பெட்டியில் அம்புக்குறி நேரே எழுந்து நின்றபோது, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் இது வேறா என்றுதான் நினைத்தேன். அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் என் போலீஸ் காரின் கூரையில் நான்கு ஆன்டெனாக்கள் உண்டு. திருடுபோன வண்டிக்குள் முன்பே ஒளித்து வைத்த கருவி சிக்னல் விட்டுக் கூப்பிட்டால் அம்பு திசை காட்டும்; கிட்டப் போகப் போக அதன் பக்கத்தில் தெரியும் எண் ஏறும், விலகினால் இறங்கி அணைந்துவிடும். மேடும் பள்ளமுமான இந்த ஊரில் அதன் பின்னால் சுற்றினால் கழுத்து வலிதான் மிச்சம்.

இந்தக் கூப்பாட்டைக் காலையில் தொடங்கி வைத்தவனே நான்தான். டென்னிஸ் அருடா ஸ்டேஷனுக்கு வந்து, வாசலில் நின்ற காரை எவனோ ஓட்டிப் போய்விட்டான் என்றான். நல்ல மனிதனாகத் தெரிந்தான். புகாரைக் கணினியில் ஏற்றியதும் கருவி விழித்துக்கொள்ளும். "சாயங்காலத்துக்குள்ள புடிச்சிரலாங்க" என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

அம்பின் பின்னால் போனால், ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் அந்தக் கார் நின்றது. திருடர்கள் வண்டியை இப்படித்தான் ஆறப்போடுவார்கள். போலீஸ் வராவிட்டால் உள்ளே கருவி இல்லை என்று அர்த்தம். ஆனால் இதன் முன்சீட்டில் ஒரு பெண் இருந்தாள். பின்னால் குழந்தை சீட்டில் ஒரு சிறுமி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் குப்பைப் பைகளில் துணிகள்.

கண்ணாடியை இறக்கியவளின் தாடையில் மஞ்சளாகிப்போன காயம் ஒன்று இருந்தது.

"அவருதான் அனுப்பினாரா?"

"வண்டி திருடு போச்சுன்னு டென்னிஸ் புகார் குடுத்திருக்காரு."

"நான் அவரு பொண்டாட்டி நெலியா, சார். நான்தான் எடுத்துட்டு வந்தேன்னு அவருக்கு நல்லாத் தெரியும்."

அவன் தேடியது காரை இல்லை. மோப்பம் பிடித்துக் கொடுக்க நான் கிடைத்திருக்கிறேன்.

"அந்தக் கருவியப் புடுங்கிப் போட்டுருங்களேன். ப்ராவிடன்ஸ் ஊர்ல, அடிபட்டு வர்ற பொம்பளைங்களுக்குன்னு ஒரு விடுதியில இடம் இருக்குன்னாங்க. போயிருவோம்."

"எங்க ஒளிச்சிருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாதும்மா. வண்டி கெடச்சிருச்சுன்னு நான் சொன்னாத்தான் அது வாய மூடும். சொன்னா, எங்க கெடச்சுதுன்னு அவருக்குப் போன் போயிரும்."

"சொல்லலன்னா?"

"வழியெல்லாம் கத்திக்கிட்டே வரும். அடுத்த போலீஸ்காரன் புடிப்பான்."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அத வைக்கச் சொன்னதே நான்தான் சார். தெருவுல நிக்குற காரு, எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு."

பைகளை என் காருக்கு மாற்றினேன். குழந்தை சீட்டின் கொக்கிகளோடு சற்று மல்லுக்கட்டினேன். வண்டி கிடைத்ததை ரேடியோவில் சொல்லவில்லை. இவர்கள் பஸ் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஏன் தாமதம் என்று மேலதிகாரி கேட்டால் கேட்கட்டும்.

கிளம்பியதும் அம்பு திரும்பிப் பின்பக்கம் காட்டியது.

"அது என்ன அங்கிள்?" என்றாள் சிறுமி, கம்பி வலைக்குப் பின்னாலிருந்து.

"உங்க காரு எங்க இருக்குன்னு சொல்லுது கண்ணு."

"நாங்க அதுல இல்லன்னு அதுக்குத் தெரியுமா?"

எண் இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், நெலியா சாலையைப் பார்க்கவில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் இறங்கி அவர்கள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தேன். ப்ராவிடன்ஸ் பஸ் எஞ்சின் ஓட நின்றது. பெட்டியில் எண் இன்னும் ஒன்றில் இருந்தது. மகளின் கையைப் பிடித்தபடி, அது அணையட்டும் என்று அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.