பெட்டிக்குள் ஒரு லிட்டர்

அந்தப் பாட்டில் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. வைத்தவள் அன்புக்கரசி. வைத்துப் பூட்டியதோடு சரி, அதற்கப்புறம் சாவி சுற்றவில்லை.

டவுன்ஷிப்பில் ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஒருவரிடம் வாங்கிய பெட்டி அது. சொந்த ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கட்டில், மிக்ஸி, தொட்டிச்செடி வரைக்கும் வாசலில் போட்டு விற்றுவிட்டுப் போவார்கள். "பூட்டு முரண்டு பிடிக்கும். கதவை முட்டியால தள்ளிக்கிட்டே திருப்பணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நேற்று அவள் தள்ளினாள், திருப்பினாள். பூட்டுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

பாட்டிலில் ஒரு லிட்டர் பெட்ரோல். அப்பா கொளஞ்சியப்பனின் துணிப்பையில் தீப்பெட்டியோடு இருந்தது. காண்ட்ராக்டர் அவரை வேலையை விட்டு நிறுத்தியதும் வண்டியை விற்றாயிற்று. பிறகு பெட்ரோல் எதற்கு? "திங்கக்கிழமை ஆபீசுக்குப் போய் ஒரு முடிவு கட்டிட்டுதான் வருவேன்" என்று ஒரு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கை போகாத இடம் வீட்டில் இந்தப் பெட்டி ஒன்றுதான். டிகிரி சர்டிபிகேட்டை வைக்கவேண்டும் என்று அம்மாவிடம் சாவி வாங்கினாள்.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு அக்காவுக்கு வளைகாப்பு. அம்மா தேவயானியின் செயினும் அக்காவுக்குப் போடும் வளையலும் உள்ளே. பக்கத்து ஊர் வடக்குத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஃபாரூக், பூட்டை அறுக்கக் கிரைண்டரோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்புக்கரசி குனிந்து சாவித் துவாரத்தில் மூக்கை வைத்தாள். வாடை வந்தது. மூடி இறுகவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மே மாதச் சூட்டில் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும்.

"அண்ணே, கம்பி விட்டு நெம்பிப் பாக்கலாமே?"

"அந்தக் காலத்து இரும்பு பாப்பா. கம்பிதான் வளையும்."

"தண்ணி ஊத்திக்கினே அறுக்கலாமா?"

"பொட்டிக்கு என்ன மஞ்சத்தண்ணியா ஊத்துறோம்?"

அம்மா சிரித்தாள். "இவ இப்படித்தாங்க. பரீட்சை ஹால்லயே கையெல்லாம் வெடவெடங்கும்."

"நான் புடிச்சுக்கிறேன், நீ அறுப்பா" என்று அப்பா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து இரண்டு முறை துணிப்பையைத் துழாவிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

கிரைண்டர் உறுமியது. அவள் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன பாப்பா, கரண்ட் பில்லு நீ கட்டுறியா?" ஃபாரூக் சிரித்துக்கொண்டே மறுபடி சொருகினார்.

"உள்ள யாரு போட்டோவடி ஒளிச்சு வச்சிருக்க?" என்றாள் அம்மா.

அன்புக்கரசி மறுபடி பிளக்கைப் பார்த்தாள். சொன்னால் அம்மா காரணம் கேட்பாள். ஃபாரூக் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரியும். அப்பா அப்புறம் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? சொல்லாவிட்டால் நடக்க அப்பாவே இருக்க மாட்டார். ஃபாரூக்கும்தான்.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பூட்டுக்கு ஒரு சாண் தூரம். அப்பாவின் நெஞ்சு அதற்குப் பக்கத்தில்.

"அறுக்காதீங்க! உள்ள பெட்ரோல் இருக்கு!"

அவளுக்கே அது யாருடைய குரலோ போலக் கேட்டது. ஃபாரூக் கிரைண்டரை அணைத்துப் பின்னால் நகர்ந்தார்.

"பெட்ரோலா?" அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நம்ம வூட்ல ஏதுடி பெட்ரோலு?"

அப்பாவின் கைகள் பெட்டியை விட்டு மெல்ல இறங்கின. அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பா பையில இருந்து எடுத்தேன்."

"அவருக்கு எதுக்கு?"

அன்புக்கரசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தன் மேல ஊத்திக்கிறதுக்கும்மா."